ரோமன் எண்ணைப் படிக்கும் நிரல்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

சென்ற இதழில், ரோமன் எண்ணைப் பெற்று அதற்குரிய முழு எண்ணைத் தரும் ஒரு சிறு நிரலை எழுதிப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும் பயிற்சிதான் அது. ஆயினும் அதையொட்டி வந்த கடிதங்கள் பயிற்சியைவிடப் பல மடங்கு செறிவாக இருந்தமையால், இவ்விதழின் விடைப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ரோமன் எழுத்துகளை இங்கே அவற்றின் பெயராலேயே குறிக்கிறோம். ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. ஓர் எண்ணின் எழுத்துகளை இடையில் சிறு கோடிட்டுச் சேர்த்திருக்கிறோம். எக்ஸ்-ஐ-வி என்று இருந்தால் அது 14.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்கிறேன். பயிற்சியைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதினேன். முதல் எழுத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு முந்தைய எழுத்தோடு ஒப்பிடுகிறேன். முந்தையது சிறியதாக இருந்தால், அதை முன்பே கூட்டிவிட்டோம் என்பதால், அதன் மதிப்பை இருமடங்காகக் கழித்துவிடுகிறேன். ஐ-வி 4, ஐ-எக்ஸ் 9, எக்ஸ்-எல் 40, சி-எம் 900, எக்ஸ்-ஐ-எக்ஸ் 19 என எல்லாம் சரியாக வந்தன. ஆனால் வி-ஐ என்று கொடுத்தாலும் 4 என்றே வருகிறது. பலமுறை பார்த்தும் தவறு புலப்படவில்லை. (ஒரு மாணவி, திருநெல்வேலி)

விடை: உங்கள் கழித்தல் விதியில் குறை ஏதுமில்லை. குறை, விதி முதல் எழுத்தைச் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. முதல் எழுத்துக்கு முந்தைய எழுத்து என ஒன்று கிடையாது. ஆனால் உங்கள் மடக்கு (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி), முதல் எழுத்தைக் குறிக்கும் 0 என்னும் இடத்திலிருந்து தொடங்குவதால், அங்கேயும் அது ஒன்றைக் குறைத்து −1 ஆம் இடத்தைக் கேட்கிறது. ஜாவா போன்ற மொழிகளில் இப்படிக் கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானிலோ −1 என்பது சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், கடைசி எழுத்தைக் குறிக்கும் முறையான குறியீடு. எனவே அது எதிர்ப்பின்றிக் கடைசி எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

வி-ஐ என்பதைக் கையால் போட்டுப் பாருங்கள். முதலில் வி வருகிறது, மதிப்பு 5. அதற்கு முந்தையது என்று நிரல் எடுத்துக்கொள்வது கடைசியில் நிற்கும் ஐ. அது 5ஐவிடச் சிறியது. ஆகவே 5இலிருந்து 2 கழிக்கப்பட்டு 3 ஆகிறது. அடுத்து ஐ வந்து 1 கூடுகிறது. மொத்தம் 4. எக்ஸ்-ஐ-வி என்பதையும் கொடுத்துப் பாருங்கள்; 14 வரவேண்டிய இடத்தில் அதற்கும் 4தான் வரும்.

நீங்கள் சோதனைக்கு எடுத்த ஐந்து எண்களும் ஏன் சரியாக வந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். அவை ஐந்திலுமே கடைசி எழுத்து முதல் எழுத்துக்குச் சமமாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்கிறது. அதனால் அந்தப் பொய்யான முந்தைய எழுத்து எங்கும் கழிக்கப்படவில்லை. கழித்தல்தான் கடினமான பகுதி என்று கருதி, கழித்தல் வரும் எண்களை மட்டுமே தேர்ந்தெடுத்தீர்கள். வெறும் கூட்டலில் முடியும் வி-ஐ, எக்ஸ்-ஐ-ஐ போன்ற எளிய எண்கள் சோதனையில் இடம் பெறவில்லை. ஒரு நிரலைச் சோதிக்கும்போது கடினமானவற்றோடு மிக எளியவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் கடிதத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்திருக்காது.

மடக்கை 1 என்னும் இடத்திலிருந்து தொடங்கி, முதல் எழுத்தின் மதிப்பை முன்கூட்டியே மொத்தத்தில் வைத்துவிட்டால் இந்தப் பிழை நீங்கிவிடும். ஆனால் நான் பரிந்துரைப்பது வேறொரு வழி: எண்ணை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசி எழுத்திலிருந்து தொடங்கும்போது முதல் அடியிலேயே ஒப்பிடுவதற்கு எதுவும் தேவைப்படுவதில்லை. இதுவரை கண்ட மிகப் பெரிய மதிப்பு 0 என்று வைத்துக்கொண்டாலே போதும். நிரலைத் தமிழில் எழுதினால் இவ்வாறு அமையும்:

மொத்தம் = 0, பெரியது = 0 எனத் தொடங்குக.
கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை ஒவ்வொன்றாக எடுத்து:
மதிப்பு = அவ்வெழுத்துக்கு அட்டவணையில் உள்ள எண்.
மதிப்பு பெரியதைவிடக் குறைவானால், மொத்தத்திலிருந்து மதிப்பைக் கழிக்க.
இல்லையேல், மொத்தத்தோடு மதிப்பைக் கூட்டி, பெரியது = மதிப்பு என மாற்றுக.
எழுத்துகள் தீர்ந்ததும் மொத்தத்தைத் தருக.

எம்-சி-எம்-எக்ஸ்-எல்-வி-ஐ-ஐ என்பதை இந்த வழியில் நடத்திப் பார்ப்போம். வலக்கோடியில் உள்ள ஐ 1, அடுத்த ஐயும் சேர்ந்து 2, வி சேர்ந்து 7, எல் சேர்ந்து 57. அடுத்து வரும் எக்ஸ் 10தான். முன்பே 50ஐக் கண்டுவிட்டதால் கழிக்கப்பட்டு 47 ஆகிறது. எம் சேர்ந்து 1047, சி கழிந்து 947, இறுதி எம் சேர்ந்து 1947. தாளில் எட்டு வரிகளுக்குள் முடிந்துவிடும் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டுத் தட்டச்சுக்குப் போவது நல்லது.

எழுத்துக்கும் மதிப்புக்கும் உள்ள தொடர்பை ஏழு ஒப்பீடுகளாக எழுதாமல், எழுத்தைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தரும் பைத்தானின் அகராதி அமைப்பில் வையுங்கள். அகராதியில் இல்லாத எழுத்து வந்தால் அதற்கு 0 என்று மதிப்பளித்துக் கடந்துவிடும் பழக்கம் பல கடிதங்களில் தென்பட்டது, அது கூடாது. தவறான எழுத்து வந்திருக்கிறது என்பதே பயனருக்கு வேண்டிய செய்தி. வெற்றுச் சரத்துக்கும் 0 என்று விடை தரக்கூடாது, ஏனெனில் இந்த ஏழு எழுத்துகளில் சுழியைக் குறிக்கும் எழுத்து எதுவும் இல்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் நான். சிறிய எழுத்து பெரிய எழுத்துக்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் பழைய கடிகாரங்களில் 4 என்பது ஐ-ஐ-ஐ-ஐ என்றே இருக்கிறது. ரோமானியர்கள் உண்மையில் எந்த விதியைப் பின்பற்றினார்கள்? நிரல் எதைப் பின்பற்ற வேண்டும்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

விடை: ஐயா, இந்தக் கேள்விதான் இந்தச் சிறு நிரலின் உயிர்நிலை. நாம் பள்ளியில் கற்ற விதி, பிற்காலத்தில் நிலைபெற்ற ஒழுங்கு. ரோமானியர்கள் கழித்தல் வடிவத்தை அறிந்திருந்தார்கள், பயன்படுத்தினார்கள். ஆனால் அதை எல்லா இடத்திலும் கட்டாயமாகக் கொள்ளவில்லை. ரோம் நகரின் கொலோசியத்தில் இருந்த 80 வாயில்களில் 76 வாயில்களுக்கு எண் பொறிக்கப்பட்டிருந்தது. அவற்றில் 40ஐ எக்ஸ்-எல் என்று கழித்தல் வடிவத்தில் எழுதியவர்கள், 4ஐ மட்டும் ஐ-ஐ-ஐ-ஐ என்று கூட்டல் வடிவத்திலேயே எழுதினார்கள். அதனால் 44ஆம் வாயிலின் எண் எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ. ஒரே எண்ணுக்குள் இரண்டு வழக்குகளும் அருகருகே நிற்கின்றன. கடிகார முகங்களில் நீங்கள் காணும் நான்கு கோடுகளும் இந்தக் கூட்டல் வழக்கைச் சேர்ந்தவையே. இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் புகழ்பெற்ற மணிக்கூண்டில் ஐ-வி என்று இருப்பதால், கடிகாரங்களுக்கும் பொதுவிதி ஒன்று உண்டு என்று சொல்ல முடியாது.

இதைவிடச் சுவையான சான்று ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. கி.பி. 9ஆம் ஆண்டில் டியூட்டோபர்க் காட்டில் ரோமானியப் படை அழிந்த போரில் உயிரிழந்த மார்க்கஸ் கேலியஸ் என்னும் படைத்தலைவனுக்கு எழுப்பிய நினைவுக்கல் அது. சான்டன் நகரில் கிடைத்தது, இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அவன் பணியாற்றிய 18ஆம் படைப்பிரிவின் எண் அந்தக் கல்லில் எக்ஸ்-ஐ-ஐ-எக்ஸ் என்று வெட்டப்பட்டிருக்கிறது. நம் பள்ளி விதிப்படி 18 என்பது எக்ஸ்-வி-ஐ-ஐ-ஐ. கல்தச்சன் எழுதியதோ பத்தும், இரண்டு குறைந்த பத்தும். இதில் பிழை எதுவும் இல்லை. இலத்தீன் பேச்சிலேயே 18க்கு டுவோடேவிகின்டி என்று பெயர், அதாவது இருபதுக்கு இரண்டு குறைவு. 19க்கு ஊன்டேவிகின்டி, இருபதுக்கு ஒன்று குறைவு. வாயால் எண்ணியபோதே குறைத்து எண்ணிய மக்கள், கையால் எழுதும்போதும் அதைச் செய்தார்கள்.

நம் மொழியிலும் இதன் சாயல் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எண்பது வரை பத்தின் பெயரோடு முடியும் எண்கள், தொண்ணூறில் நூறோடு முடிகின்றன. எண்ணூறு வரை நூறோடு முடிபவை, தொள்ளாயிரத்தில் ஆயிரத்தோடு முடிகின்றன. இலக்கண நூல்கள் இதைப் புணர்ச்சியில் நேரும் திரிபாக விதித்திருக்கின்றன. எப்படியாயினும், ஒன்பதாம் படியில் நிற்கும் எண் அடுத்த பெரிய அலகின் பெயரைத் தாங்கி நிற்பது, எக்ஸுக்கு முன்னால் ஐ வந்து நிற்பதை நினைவூட்டத்தான் செய்கிறது.

இப்போது நிரலுக்கு வருவோம். அந்த நினைவுக்கல்லின் எண்ணை, ஒவ்வோர் எழுத்தையும் அடுத்த எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் நிரலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் எக்ஸ் கூடி 10. முதல் ஐக்கு அடுத்து நிற்பதும் ஐதான். எனவே கூடி 11. இரண்டாம் ஐக்கு அடுத்து எக்ஸ். எனவே கழிந்து 10. இறுதி எக்ஸ் கூடி 20. பிழையான விடை. மேலே மாணவிக்குச் சொன்ன வழியில், இதுவரை கண்ட மிகப் பெரிய மதிப்போடு ஒப்பிட்டு வலமிருந்து வந்தால், 10, பிறகு 9, பிறகு 8, பிறகு 18. கல்தச்சன் கருதிய விடை. பள்ளி விதிக்கு உட்பட்ட எண்களுக்கு இரண்டு வழிகளும் ஒரே விடையைத்தான் தரும். வேறுபாடு தெரிவதெல்லாம் விதி உறுதிப்படாத காலத்து எண்களில்தான். அதனால்தான் பின்னதைப் பரிந்துரைக்கிறேன். ஐ-ஐ-ஐ-ஐ என்பதற்கு இரண்டுமே 4 என்று தரும் என்பதால், கடிகாரத்துக்கும் கொலோசிய வாயிலுக்கும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: 3999க்கு மேல் ரோமன் எண் இல்லையா? (ஒரு வாசகர், சேலம்)

விடை: ஒரே எழுத்து மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து வரக்கூடாது என்று கொண்டால், ஏழு எழுத்துகளால் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 3999. எக்செல் மென்பொருளில் எண்ணை ரோமன் வடிவாக்கும் செயற்கூறும் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்பகுதி) அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆனால் பெரிய எண்களை எழுத வேறு வழிகள் இருந்தன. எழுத்தின் தலைமேல் ஒரு கோடிட்டால் அதன் மதிப்பு ஆயிரம் மடங்காகும் என்பது அவற்றுள் ஒன்று. ஐ என்னும் கோட்டின் இருபுறமும் சி எழுத்தை நேராகவும் தலைகீழாகவும் வைத்து 1000ஐக் குறிப்பது மற்றொன்று. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமிலும் லைடனிலும் அச்சான நூல்களின் முகப்பில் ஆண்டு இவ்வாறு அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். பள்ளிப் பயிற்சிக்கு இவை தேவையில்லை.

கேள்வி: என் நிரல் ஐ-சி என்பதற்கு 99 என்று விடை தருகிறது. 99இன் சரியான வடிவம் எக்ஸ்-சி-ஐ-எக்ஸ் என்று படித்திருக்கிறேன். தவறான உள்ளீட்டுக்கு விடை தரும் நிரல் தவறான நிரல் ஆகாதா? எல்லா விதிகளையும் நிரலுக்குள் எழுதப் போனால் அது மிக நீண்டுவிடுகிறது. (மென்பொருள் துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர், கோயம்புத்தூர்)

விடை: படிப்பதும் சரிபார்ப்பதும் இரண்டு தனி வேலைகள். அவற்றை ஒரே மடக்குக்குள் திணிக்க முயன்றதால்தான் உங்கள் நிரல் நீண்டது. பள்ளி விதி சொல்வது இவ்வளவே: ஐ, எக்ஸ், சி ஆகிய மூன்று எழுத்துகள் மட்டுமே கழிக்கப்படலாம், ஐ என்பது வி, எக்ஸ் இரண்டுக்கும் முன்னால் மட்டும், எக்ஸ் என்பது எல், சி இரண்டுக்கும் முன்னால் மட்டும், சி என்பது டி, எம் இரண்டுக்கும் முன்னால் மட்டும், அதுவும் ஒருமுறை மட்டுமே வரலாம், வி, எல், டி ஆகியவை ஓர் எண்ணில் இரண்டாம் முறை வரக்கூடாது. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க முனைந்தால் ஏதேனும் ஒன்று கட்டாயம் விடுபடும்.

எளிய வழி, திருப்பி எழுதிப் பார்ப்பது. எண்ணிலிருந்து ரோமன் வடிவத்தை உருவாக்கும் இரண்டாவது செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். 1000, 900, 500, 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1 என்னும் 13 மதிப்புகளையும் அவற்றின் ரோமன் வடிவங்களையும் இறங்குவரிசையில் வைத்துக்கொண்டு, எண்ணுக்குள் அடங்கும் மிகப் பெரிய மதிப்பைக் கழித்து அதன் வடிவத்தை எழுதுவதும், மீண்டும் அதையே செய்வதுமாக 0 வரும்வரை போனால் போதும். இந்தச் செயற்கூறு ஓர் எண்ணுக்கு ஒரே ஒரு வடிவத்தைத்தான் தரும். அதுவே பள்ளி விதிக்குரிய வடிவம். பயனர் கொடுத்த எழுத்துகளை முதல் செயற்கூற்றால் படியுங்கள். வந்த எண்ணை இரண்டாம் செயற்கூற்றால் எழுதுங்கள். தொடங்கிய எழுத்துகளே திரும்பி வந்தால் உள்ளீடு முறையானது. ஐ-சி படிக்கப்பட்டு 99 ஆகி, எக்ஸ்-சி-ஐ-எக்ஸ் என்று திரும்பும். இரண்டும் ஒன்றாக இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

அவ்வாறு தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது, நிரல் யாருக்காக என்பதைப் பொறுத்தது. மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தும் நிரலானால் மறுத்துவிடலாம். கல்வெட்டுகளையோ பழைய நூல்களின் ஆண்டுகளையோ பதிவுசெய்யும் நிரலானால் மறுக்கக்கூடாது. மதிப்பையும் கொடுத்து, வடிவம் வழக்கிலிருந்து மாறுபட்டது என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். மார்க்கஸ் கேலியஸின் நினைவுக்கல்லைப் பிழையான உள்ளீடு என்று தள்ளிவிடும் நிரல், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கும் ஒரு சான்றைத் தூக்கி எறிகிறது. எக்செலே 499ஐ முறையான வடிவத்தில் எழுதுவதோடு, சுருக்கத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், எக்ஸ்-டி-ஐ-எக்ஸ், வி-டி-ஐ-வி, இறுதியில் ஐ-டி என்றும் எழுதித் தருகிறது. நம் முதல் செயற்கூறு அவை அனைத்தையும் 499 என்றே படிக்கும். ஆனால் ஐ எழுத்தைப் பன்னிரண்டு முறை அடித்துக் கடைசியில் வி அடித்தால் −7 என்று வரும். 1க்குக் குறைந்த விடை எதுவாயினும் நிறுத்திவிடும்படி ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரு செயற்கூறுகளும் கைவசம் இருந்தால், 1 முதல் 3999 வரை எல்லா எண்களையும் எழுதி, படித்து, அதே எண் வருகிறதா என்று நொடிப்பொழுதில் சோதித்துவிடலாம். அந்தச் சோதனையை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். இரண்டு செயற்கூறுகளும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தி, அந்த அட்டவணையில் எல், டி இரண்டையும் நீங்கள் இடம் மாற்றி அடித்திருந்தால், எழுதும்போது நேரும் தவறு படிக்கும்போது நேராகிவிடும். 3999 சோதனைகளும் வெற்றி என்றே காட்டும். ஆகவே, நிரலுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் சில விடைகளையும் கையால் எழுதி வையுங்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் கையிலுள்ள பலகையில் எம்-டி-சி-சி-எல்-எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ என்று பொறித்திருக்கிறது; அது 1776. ஏழு எழுத்துகளும் பெரியதிலிருந்து சிறியதாக ஒவ்வொரு முறை வருவது எம்-டி-சி-எல்-எக்ஸ்-வி-ஐ, 1666. கழித்தல் மூன்று முறை வருவது எம்-சி-டி-எக்ஸ்-எல்-ஐ-வி, 1444. 3999க்குள் மிக நீளமானது 15 எழுத்துகள் கொண்ட 3888.

கேள்வி: பழைய நூல் ஒன்றின் முன்னுரைப் பக்க எண்களைக் கணினியில் படியெடுத்து நிரலுக்குக் கொடுத்தேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் எண்களையும் அது ஏற்க மறுக்கிறது. (ஒரு நூலகப் பணியாளர், மதுரை)

விடை: மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். முன்னுரைப் பக்கங்களுக்குச் சிறிய எழுத்துகளில் எண்ணிடுவது அச்சு வழக்கம்; நிரலின் அட்டவணையில் பெரிய எழுத்துகள் மட்டும் இருந்தால் அது மறுக்கும். இரண்டாவதாக, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கும் ஒருங்குறியில் ரோமன் எண்களுக்கென்றே தனிக் குறிகள் உண்டு. அவற்றில் 12 என்பது மூன்று எழுத்துகள் சேர்ந்ததன்று, ஒரே எழுத்து. மூன்றாவதாக, ருஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துகள் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே தோற்றமளித்துக் கலந்திருக்கலாம்.

முதல் இரண்டுக்கும் தீர்வு எளிது. ஒருங்குறியின் என்எஃப்கேசி என்னும் இயல்பாக்கத்தை உள்ளீட்டின் மேல் செலுத்தினால், 12ஐக் குறிக்கும் தனி எழுத்து எக்ஸ், ஐ, ஐ என்று பிரிந்துவிடும். அதன் பிறகு பெரிய எழுத்துகளாக மாற்றிக்கொள்ளலாம். பைத்தானில் இயல்பாக்கத்துக்கான கருவி மொழியோடு சேர்ந்தே வருகிறது. சிரிலிக் எழுத்துகளை இந்த இயல்பாக்கம் மாற்றாது. அவற்றை நிரல் மறுத்து, எத்தனையாவது இடத்தில் அறியாத எழுத்து இருக்கிறது என்று சொல்வதே தக்கது. மூலத்தைப் பார்த்து நீங்களே திருத்தலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்துக் கணக்கேடுகள் இருக்கின்றன. தொகைகள் தமிழ் எண்களில் எழுதப்பட்டுள்ளன. ரோமன் எண்ணுக்கு எழுதிய நிரலையே சிறிது மாற்றி இவற்றைப் படிக்கச் செய்ய முடியுமா? (ஒரு வாசகர், காரைக்குடி)

விடை: முடியும். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பழைய தமிழ் எண்முறையில் ௧ முதல் ௯ வரையுள்ள இலக்கங்களோடு ௰, ௱, ௲ என்று பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு, சுழி தேவைப்படவில்லை. ரோமன் முறையில் சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்கிறோம். தமிழ் முறையில் சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் பெருக்குகிறோம். ௨௰ என்பது இரண்டு பத்து, 20. ௰௨ என்பது பத்தும் இரண்டும், 12. நாம் வாயால் சொல்லும் வரிசையே எழுதும் வரிசையாக இருப்பதால், நிரலும் இடமிருந்து வலமாகப் போவதே இயல்பு.

கையிருப்பு, பகுதி, மொத்தம் என மூன்று மாறிகளை 0 என்று தொடங்குங்கள். இலக்கம் வந்தால் கையிருப்பில் வையுங்கள். ௰ அல்லது ௱ வந்தால், கையிருப்பை அதனால் பெருக்கிப் பகுதியில் சேர்த்துவிட்டுக் கையிருப்பை 0 ஆக்குங்கள். கையிருப்பு முன்பே 0 ஆக இருந்தால் அதை 1 என்று கொள்ளுங்கள், ஏனெனில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் முன் ௧ எழுதும் வழக்கம் இல்லை. ௲ வந்தால், பகுதியையும் கையிருப்பையும் கூட்டி ஆயிரத்தால் பெருக்கி மொத்தத்தில் சேர்த்து, அவ்விரண்டையும் 0 ஆக்குங்கள். கூட்டுத்தொகை 0 ஆனால் இங்கும் 1 என்று கொள்ளுங்கள். எழுத்துகள் தீர்ந்ததும் மூன்றையும் கூட்டினால் விடை. ௲௯௱௪௰௭ என்பதில் முதலில் மொத்தம் 1000 ஆகிறது, பிறகு பகுதி 900, 940 என வளர்கிறது, ௭ கையிருப்பில் நிற்கிறது, விடை 1947. ௱௲ என்பதில் பகுதி 100 ஆகி, பிறகு ஆயிரத்தால் பெருகி, ஓர் இலட்சம் வருகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். தமிழ் இலக்கங்கள் பலவும் நம் எழுத்துகளின் உருவத்தையே கொண்டவை: ௧ க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். ஆனால் ஒருங்குறியில் அவை வேறு வேறு குறிகள். ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் இலக்கத்துக்குப் பதில் எழுத்தை அடித்துவிட்டால், திரையில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். நிரல்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அடுத்தது, பைத்தானில் எண்ணாக மாற்றும் செயற்கூறு ௧௯௪௭ என்று இடமதிப்பு முறையில் எழுதியதை 1947 என்று தானாகவே படித்துவிடும். ௰, ௱, ௲ ஆகியவற்றைக் கண்டால் பிழை காட்டும். ஆகவே உங்கள் ஏட்டில் இரண்டு வழக்குகளும் கலந்திருந்தால், இந்த மூன்று குறிகளில் ஒன்றேனும் அந்தத் தொகையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன நிரலுக்கும், இல்லையேல் பைத்தானின் செயற்கூற்றுக்கும் அனுப்புங்கள். ஒரு பக்கத்தின் தொகைகளைத் தட்டச்சு செய்து முடித்ததும், அவற்றை நிரலால் கூட்டி, பக்கத்தின் அடியில் பாட்டனார் எழுதியிருக்கும் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குச் செல்லுங்கள்.